மூன்றாம் குட்டைக்கு சைபர்

பிரிக்பீல்ட்ஸில் செங்கல் சூளைகள் புகைந்துகொண்டிருந்த காலத்தில் நான் அங்கே ஆட்களை மேய்க்கும் மேஸ்திரியாக, மண்டோராக இருந்தேன். சூளைக்கு மண் வெட்டிய இடமெல்லாம் குழியாகி, மழைத் தண்ணீர் நின்று, நான்கு பெரிய குட்டைகளாகக் கிடந்தன. சூளை ஆட்கள் அதில்தான் குளித்தார்கள். ரயில்வே ஆட்கள் குடியிருந்த லயத்துப் பெண்கள் அதில்தான் துணி துவைத்தார்கள். ஒரே மழைக்காலத்தில் இரண்டு பேர் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகுதான் சூளையை நடத்திய வெள்ளைக்காரத் துரைக்குப் புத்தி வந்தது. குட்டைக்கு ஒரு ஆள் வீதம் நான்கு பேரைக் காவலுக்குப் போட்டு, அவர்களை மேய்க்கும் வேலையை என் தலையில் கட்டினார்.

கூடவே ஒரு நோட்டுப் புத்தகமும் கொடுத்தார். ஒவ்வொரு ஆளும் மாதத்தில் எத்தனை பேரைத் தண்ணீரிலிருந்து தூக்கினான் என்று அதில் எழுத வேண்டும். அதிகம் தூக்கியவனுக்கு ஒரு புது வேட்டி. ஒரு வருஷம் பார்த்துவிட்டு, தேறாத ஆளைக் கழித்துக்கட்ட வேண்டும். இதுதான் துரையின் திட்டம். எனக்கும் அது நல்ல திட்டமாகவே பட்டது. அதை இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

முதல் குட்டையில் இருந்தவன் கிள்ளான்காரன். அங்கே ஆற்றுப் படகுத்துறையில் வளர்ந்தவன், மீன் மாதிரி நீந்துவான். யாராவது கையைத் தூக்கினால் போதும், அடுத்த மூச்சில் தண்ணீருக்குள் இருப்பான். அவன் பெயருக்கு நேரே இரண்டு, மூன்று, இரண்டு என்று விழுந்துகொண்டே இருந்தது. மாதம் தவறாமல் வேட்டி அவனுக்குத்தான். மற்ற இரண்டு பேரும் ஒன்று, ஒன்று என்று ஓட்டினார்கள்.

மூன்றாம் குட்டைக்காரர் ஐம்பதைத் தாண்டியவர். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். சூளை லயத்தில் ஒரு அறை, சீக்காளி மனைவி. அவருக்கு மாதாமாதம் சைபர்தான்.

அவர் செய்ததெல்லாம் ஒரு மூங்கில் கம்பை வைத்துக்கொண்டு கரையைத் தட்டிக்கொண்டே சுற்றுவதுதான். அங்கங்கே சிவப்புத் துணி கட்டிய குச்சிகளை நடுவார். மறுநாள் பிடுங்கி வேறு இடத்தில் நடுவார். மற்ற நேரமெல்லாம் வாய்தான். எந்த நேரம் போனாலும் அவர் யாரையாவது திட்டிக்கொண்டிருப்பார்.

"ஏ சின்னப்பொண்ணு, அங்க குந்தாதே! செத்துப்போன ஒன் மாமியா கிட்டயா போய்ச் சேரப்போறே? இந்தக் கல்லுக்கு வா!"

"அந்தக் கல்லுல வெயிலு அடிக்குது பெரியவரே!"

"அடிக்கட்டும். கறுத்தா ஒன் புருசன் என்ன ஓடியா போயிருவான்? வா இப்படி!"

பெண்கள் என்னிடம் வந்து முறையிடுவார்கள். துவைக்க விடுவதில்லை, குளிக்க விடுவதில்லை, ஓயாத நச்சரிப்பு என்று. நான் அதையும் நோட்டில் எழுதினேன். "சண்டைக்காரர்" என்று எழுதினேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், ஆனால் அந்த ஒரு வார்த்தை மட்டும் என்னவோ நன்றாக விழுந்திருந்தது.

வருஷம் முடிந்ததும் துரை நோட்டைப் புரட்டினார். முன்பு ரப்பர் தோட்டத்தில் இருந்து பழகிய தமிழில், "என்ன மண்டோர், மூணாம் குட்டை சைபர், சைபர், சைபர். இந்த ஆள் தூங்குது?" என்றார்.

இல்லை துரை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவர் தூங்கி நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆனால் நோட்டு என் கையெழுத்து. அதற்கு எதிராக நானே பேசுவது எப்படி? அன்றோடு அவரை நிறுத்தச் சொல்லிவிட்டார் துரை. வேலை போனால் லயத்து அறையும் போகும். அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த சட்டம்.

நானே போய்ச் சொன்னேன். அவர் வாசலில் உட்கார்ந்து மூங்கில் குச்சி சீவிக்கொண்டிருந்தார்.

"நான் என்ன தப்பு செஞ்சேன் மண்டோரே?"

"தப்பு ஒண்ணும் இல்லேண்ணே. நோட்டுல ஒண்ணும் ஏறலே."

"யாரும் விழலியே. நான் என்ன, புடிச்சித் தள்ளவா முடியும்?"

உள்ளே அவர் மனைவி இருமினாள். பதில் வராதபோது எனக்குக் கோபம் வரும். "அதையெல்லாம் தொரைகிட்ட கேளுங்க" என்று கத்திவிட்டு வந்தேன். அன்றைக்குக் கத்தியிருக்க வேண்டியது அவரிடமா?

மனசு கேட்காமல், மாதம் முடியும்வரை அறையாவது மிஞ்சட்டும் என்று அவருக்குப் பச்சைக்கல் சுமக்கும் வேலை வாங்கிக் கொடுத்தேன். வேகாத செங்கல்லைக் காய வைக்கும் கொட்டகைக்குச் சுமக்க வேண்டும். பாதை மூன்றாம் குட்டையை ஒட்டித்தான் போகும். அவர் இடத்தில் கிள்ளான்காரனைப் போட்டேன், முதல் குட்டையைச் சூளை ஆள் ஒருவனிடம் விட்டேன். நல்ல ஆளை மோசமான குட்டையில் போட்டால் குட்டை சரியாகிவிடும் என்று என் கணக்கு.

அந்த வாரம் மழை பிடித்தது. எட்டு நாளில் மூன்றாம் குட்டையில் மூன்று பேர் விழுந்தார்கள். மூன்று பேரையும் கிள்ளான்காரன் தூக்கிவிட்டான். மூன்றாவதாக விழுந்தவள் ரயில்வே லயத்துப் பெண். கரை அப்படியே பெயர்ந்து அவளோடு உள்ளே போய், மண் அவள் மேலேயே உட்கார்ந்துவிட்டது. அவன் மூன்று தடவை முங்கினான். கரையில் போட்டு அமுக்கி, தண்ணீர் கக்க வைத்து, அவள் கண் திறக்கும்வரை லயமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

எல்லோரும் போன பிறகும் அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

"டேய், இந்த மாசமும் வேட்டி ஒனக்குத்தான்" என்றேன், தேற்றுவதாக நினைத்துக்கொண்டு.

"மண்ணாங்கட்டி வேட்டி! யாருக்கு வேணும்?" என்று சீறினான். பிறகு சிவப்புத் துணிக் குச்சி ஒன்றைக் காட்டினான். அது கரையோடு சரிந்து தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்தது. "இதப் பாருங்க. இந்தக் குச்சி வரைக்கும் வரலாம்னு நெனச்சுத்தான் மூணு பேரும் வந்து நின்னாங்க. மழை பெஞ்சா அவரு இத மாத்தி மாத்தி நடுவாரு. எனக்கு எங்க தெரியும்? அவரு நட்ட இடத்திலேயே நான் விட்டுட்டேன். அவரக் கூப்பிடுங்க மண்டோரே. அடுத்தவ வந்து விழுந்தா எனக்கு மூச்சு இருக்குமோ இருக்காதோ."

அப்போதுதான் அந்தக் கம்பு எனக்குப் புரிந்தது. தண்ணீர் கரையை அடியில் அரித்துக்கொண்டே போகும், மேலே பார்த்தால் கெட்டியாகத் தெரியும். அடி குடைந்துபோன இடத்தில் தட்டினால் பொள்ளலாகச் சத்தம் வரும். அவர் தினமும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். வருஷம் முழுக்க நானும் அங்கே நின்றேன். என் காதில் அவர் திட்டு மட்டும்தான் விழுந்தது.

அன்றைக்கே துரையிடம் போனேன். நான் வாய் திறப்பதற்குள் அவருக்குச் செய்தி போயிருந்தது. "எட்டு நாள்ல மூணு! மூணாம் குட்டை இப்ப நல்லா வேலை செய்யுது, மண்டோர்!" என்று சிரித்தார்.

எனக்குத் தலைக்கு ஏறியது. "பழைய ஆள் இருந்த வருஷம் பூரா அங்க ஒருத்தர்கூட விழலே, தொரை. அவர நிறுத்தின பெறகு எட்டு நாள்ல மூணு பேரு விழுந்தாங்க. என் நோட்டு தப்பு. நான் எழுதினது தப்பு. நீங்க வந்து பாருங்க" என்றேன். குரல் கொஞ்சம் அதிகமாகத்தான் போய்விட்டது. ஆபீசில் கணக்கெழுதும் கிராணி பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். என் வேலையும் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

துரை தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எனக்குப் பாடம் கற்பிக்கத்தான் கிளம்பினார் என்பது நடையிலேயே தெரிந்தது. மூன்றாம் குட்டைக்கு வந்ததும் நேரே கரைக்குப் போய் பூட்ஸ் காலால் மண்ணை உதைத்தார். "கெட்டியா இருக்குது. எங்க விழும்?" என்று இன்னும் ஒரு எட்டு வைத்தார்.

பின்னாலிருந்து ஒரு கத்தல். "ஏய் தொப்பி! உண்டூர்! உண்டூர்! பின்னால வாய்யா! அங்க பொள்ளல்!"

தலையில் பச்சைக்கல்லோடு மூன்றாம் குட்டைக்காரர் நின்றார். லயத்துப் பெண்களைத் திட்டுகிற அதே குரல். துரைக்குப் புரியட்டும் என்று, பின்னால் போ என்கிற மலாய் வார்த்தையையும் சேர்த்துக்கொண்டார் போல. அந்தக் குரலுக்கு யாராக இருந்தாலும் பின்வாங்கத்தான் வேண்டும், துரையும் பின்வாங்கினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் நின்ற இடத்தில் ஒரு கீறல் ஓடியது. ஒரு வண்டி அளவு மண் சத்தமே இல்லாமல் தண்ணீருக்குள் இறங்கியது.

மூன்றாம் குட்டைக்காரர்தான் முதலில் பேசினார், என்னைப் பார்த்து. "குச்சியெல்லாம் யாரு இப்படிப் போட்டு வச்சது? அறிவு வேணாம்?"

துரையின் முகம் சிவந்திருந்தது. பயத்தாலா, ஆட்கள் முன்னால் "ஏய் தொப்பி" என்று கேட்டதாலா, எனக்குத் தெரியாது. நான் விடவில்லை. "இத எழுதிக்கவா, தொரை? அவர் பேருக்கு ஒண்ணு போடவா?"

துரை திரும்பி ஆபீசுக்கு நடந்தார். ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து கிராணி வந்து என் காதில் சொன்னார்: அந்த ஆளைத் திரும்பப் போடு, நடந்ததை யாரிடமும் பேசாதே. நான் அன்று சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கப் பேசிவிட்டேன்.

கிள்ளான்காரன் முதல் குட்டைக்குத் திரும்பிப் போனான். ஆனால் காலையில் ஒரு மணி நேரம் மூன்றாம் குட்டைக்கு வந்து அவர் பின்னாலேயே தட்டிக்கொண்டு நடப்பான். "காது இருக்கா, இல்ல வேட்டி மட்டுந்தானா?" என்று அவர் அவனையும் விடாமல் திட்டுவார். அவன் சிரித்துக்கொண்டே தட்டுவான்.

அடுத்த மாத முடிவில் நோட்டைத் திறந்தேன். "சண்டைக்காரர்" என்று எழுதியிருந்ததை அடித்தேன். மூன்றாம் குட்டைக்கு நேரே சைபர் என்று எழுதினேன். கிள்ளான்காரன் தட்டத் தொடங்கியிருந்த முதல் குட்டைக்கும் அந்த மாதம் சைபர்தான், மற்ற இரண்டிலும்கூட யாரும் விழவில்லை. துரை நான்கு சைபரையும் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். வேட்டி யாருக்கும் கிடைக்கவில்லை.