ஒரு ரூபாய்ப் படகும் சோடிச் சைக்கிளும்

1. சுவரோடு கதைத்த மாமா

பாதை வேலையை விட்டுவிட்டேன் என்று நான் சொன்ன அன்று, மாமா சோற்றுக் கோப்பையைப் பாதியில் தள்ளிவிட்டு எழுந்தார். மாமா என்றால் என் மனைவியின் வாப்பா. எங்கள் கல்முனைக்குடியில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவான். அதனால் கோபித்துக்கொண்டு எழுந்து போக அவருக்கு இடமிருந்தது, எனக்கு இல்லை.

“எம்.பி.ட வாசல்ல எத்தின நாள் நிண்டு அந்தச் சிபாரிசுத் துண்ட எடுத்தன் தெரியுமா? பென்சன் உள்ள வேலைய உட்டுட்டு, தனியார் போட்டுல போய் ஏறப் போறாராம்” என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார். அதன் பிறகு அவர் என்னோடு கதைப்பதையே விட்டுவிட்டார். சொல்ல வேண்டியதெல்லாம் மகள் வழியாகத்தான் வரும். “உங்கட மாப்பிள்ளைட்டச் செல்லுங்க, கிணத்துக் கயிறு அந்து போச்சி” என்பார். நான் மூன்று முழம் தள்ளி உட்கார்ந்திருப்பேன்.

பாதை என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. கல்முனைக்கு மேற்கே வாவி. நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். இந்தப் பக்கம் எழுவான்கரை, கடைத்தெருவும் அரசாங்கக் கந்தோர்களும் உள்ள கரை. அந்தப் பக்கம் படுவான்கரை, முழுக்க வயல். பாலம் இல்லை. இரண்டு பெரிய வள்ளங்களை அருகருகே பிணைத்து மேலே பலகை அடித்திருப்பார்கள், அதுதான் பாதை. கரைக்குக் கரை கட்டிய இரும்புக் கம்பியைப் பிடித்து நாங்கள் நாலு பேர் இழுத்துப் போவோம். மாட்டுவண்டி, ட்ரக்டர், சைக்கிள், ஆடு, கல்யாணப் பெண் எல்லாம் அதில் ஏறும். ஆளுக்குக் காசு இல்லை. ஆனால் வண்டி நிறையும் வரை நிற்கும். காற்று எதிர்த்தால் அரை மணித்தியாலம் முக்கால் மணித்தியாலமாகும். ஆறு வருடம் அந்தக் கம்பியை இழுத்து என் உள்ளங்கை செருப்பு மாதிரி ஆகிவிட்டது.

எழுபத்தெட்டுச் சூறாவளி அடித்து இரண்டொரு வருடம் கழித்து, கல்முனை பஜாரில் இரும்புக் கடை வைத்திருந்த ஒரு ஹாஜியார் அதே துறையில் ஆட்களை மட்டும் ஏற்றும் வேகப் படகு ஒன்றை விட அனுமதி எடுத்தார். பைபர் படகு, பின்னால் அவுட்போர்ட் எஞ்சின், மேலே கன்வஸ் கூரை, பதினாறு பேருக்கு வாங்கு. பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அக்கரைக்கு ஐந்து நிமிடம், ஆளுக்கு ஒரு ரூபாய். அதை ஓட்ட அவர் என்னைக் கேட்டார். அந்த எஞ்சினைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குப் பென்சன் மறந்துபோனது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போது புத்தி கொஞ்சம் குறைவு.

2. தலையை எண்ணினார், சக்கரத்தை எண்ணவில்லை

முதல் வாரம் திருவிழாதான். துறையில் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். தண்ணீர் முகத்தில் தெறிக்கத் தெறிக்கச் சிரித்தார்கள். சிலர் அக்கரையில் இறங்காமலே திரும்பி வந்தார்கள். ஹாஜியார் கரையில் குடை பிடித்துக்கொண்டு நின்று, “பாத்தயா ஜமால், நான் செல்லல்லயா?” என்றார்.

இரண்டாவது வாரம் கூட்டம் பாதியாகிவிட்டது. மூன்றாவது வாரம் நாலு பேரை வைத்துக்கொண்டு ஓட்டினேன். நாங்கள் போகும்போது நிரம்பி வழிந்த பாதை ஆற்றின் நடுவில் நத்தையாக நகரும். அதிலிருந்து என் பழைய கூட்டாளிகள் கை காட்டுவார்கள். “என்ன ஜமால், காத்து வாங்கப் போறயா?” என்று கத்துவார்கள். நானும் கை காட்டுவேன்.

ஊரில் ஒரே கதை, ஒரு ரூபாய் பெறுமா என்பதுதான். ஒரு ரூபாய்க்குப் பிளேன்டியும் வடையும் சாப்பிடலாம் என்றான் ஒருவன். சும்மா போகிற ஆற்றுக்கு ஏன் காசு என்றான் இன்னொருவன். பள்ளிவாசலில் செருப்புக் கழற்றும் இடத்தில்கூட என்னைப் பிடித்துக் கேட்டார்கள். நானும் விடாமல் ஐந்து நிமிடம், ஐந்து நிமிடம் என்று கத்தினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் வாயால் படகு நிறையவில்லை.

ஒரு நாள் ஹாஜியார் வந்து வாங்கைத் தடவிப் பார்த்தார். “பெரும்போக நெல்லு வெட்டு முடியுமட்டும் பாக்கிறன் ஜமால். அதுக்குள்ள சனம் வரல்ல எண்டா, எஞ்சினக் கழட்டிக் கடலுக்குப் போறவனுக்குக் குடுத்திருவன். என்னக் கோவிக்கப்படா.”

வெட்டுக்கு இரண்டரை மாதம் இருந்தது. திரும்பிப் போகப் பாதை வேலையும் இல்லை, என் இடத்துக்கு வேறொருவன் துண்டோடு வந்துவிட்டான். மாமாவின் வீட்டில், மாமாவின் மகளை வைத்துக்கொண்டு, வேலையில்லாமல் எப்படி இருப்பேன்?

அடுத்த நாள் விடியற்காலைச் சுபஹு தொழுகை முடிந்து வந்த முதல் ட்ரிப்பில் உதுமாலெவ்வை காக்கா ஏறினார். காக்கா என்றால் எங்களிடத்தில் அண்ணன். அக்கரையில் நாலு ஏக்கர் வேளாண்மை செய்கிறவர், மெலிந்த, கறுத்த, உரத்துக் கதைக்கிற மனிதர். பாதையில் போகிறவர் அன்று அவசரத்துக்கு என் படகில் வந்தார். அக்கரையில் இறங்கியதும் ஒரு ரூபாயைத் தந்துவிட்டு அங்கேயே நின்றார்.

“தம்பி, உங்கட போட்டு நல்லம். ஆத்தக் கடக்க அஞ்சி நிமிசம். இவடத்திருந்து என்ட வயல் வட்டைக்கி நடக்க ஒண்டேகால் மணித்தியாலம். பாதையில வந்திருந்தா சைக்கிளோட வந்திருப்பன், இருவது நிமிசத்தில வயல்ல நிப்பன். இப்ப செல்லுங்க, இந்த ஒரு ருவாய்க்கி நான் என்னத்த வாங்கின?”

ஹாஜியார் துறையில் நின்று தலைகளை எண்ணியிருந்தார். ஒவ்வொரு தலைக்குக் கீழும் இரண்டு சக்கரம் இருந்ததை அவர் எண்ணவில்லை. நானும் எண்ணவில்லை. ஆறு வருடம் அந்தச் சைக்கிள்களைப் பாதையில் தூக்கி ஏற்றி இறக்கியவன் நான். வெட்கக்கேடு. எங்கள் ஊரில் வயலுக்குப் போகிற மனிதன் சைக்கிளை வீட்டில் வைத்துவிட்டுப் போகவே மாட்டான். அதைப் படகிலும் ஏற்ற முடியாது. சாமான் ஏற்றினால் லைசன் ரத்து என்று கச்சேரிக் கந்தோரில் எழுதியே கொடுத்திருந்தார்கள்.

3. சோடி

அந்த நேரம் அக்கரையில் கல்முனைக்கு ஏற ஒருவர் காத்திருந்தார். சாமித்தம்பி அண்ணன். படுவான்கரைத் தமிழர், எங்கள் பஜாரில் ஒரு தையல் கடையில் துணி வெட்டுகிறவர். அவரும் பாதையில் வருகிறவர்தான், அன்று பாதை அக்கரையில் இல்லை. தன் சைக்கிளை மருதமரத்தில் சாய்த்துப் பூட்டிவிட்டு வந்து, உதுமாலெவ்வை காக்கா சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினார்.

“மெய்தான் காக்கா. எனக்கும் அதே கதிதான். அங்கால இறங்கிக் கடைக்கு நடக்க வேணும். முதலாளி பிந்தினா ஏசுறார்.”

நான் மருதமரத்தைப் பார்த்தேன். பிறகு திரும்பி எங்கள் கரையைப் பார்த்தேன். அங்கே உதுமாலெவ்வை காக்காவின் சைக்கிள் வேலியில் சாய்ந்து கிடந்தது. இரண்டு சைக்கிளும் சும்மா கிடக்கின்றன, இரண்டு மனிதர்கள் நடக்கிறார்கள்.

“அண்ணன், உங்கட சாவிய இவருக்கிட்டக் குடுங்க. காக்கா, உங்கட சாவிய அவருக்கிட்டக் குடுங்க” என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பைத்தியம் மாதிரிப் பார்த்தார்கள். அந்தக் காலத்தில் சைக்கிள் என்பது சாதாரணச் சாமான் இல்லை. கூடப்பிறந்தவனுக்கே யோசித்துத்தான் கொடுப்பார்கள். இவர்கள் இருவரும் ஒருவர் பெயர்கூட மற்றவருக்குத் தெரியாதவர்கள். ஒருவர் முஸ்லிம், ஒருவர் தமிழர் என்பதும் இருந்தது. அப்போதே அங்குமிங்கும் மனக்கசப்புத் தொடங்கியிருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

“சைக்கிளுக்கு ஒண்டு நடந்தா நான் பிணை. என்ட சைக்கிளத் தாறன்” என்றேன். என் சைக்கிளுக்கு அப்போது பின் பிரேக் கிடையாது. அதை நான் சொல்லவில்லை.

சாமித்தம்பி அண்ணன்தான் முதலில் சாவியை எடுத்தார். “செயின் கொஞ்சம் தளர்வு காக்கா, மெல்ல மிதியுங்க” என்றார். பின்னேரம் இரண்டு பேரும் அதே இடத்தில் சந்தித்துச் சாவியை மாற்றிக்கொண்டார்கள். காக்கா சைக்கிளைக் கழுவிக் கொண்டுவந்திருந்தார். செயினும் இறுக்கியிருந்தது.

அடுத்த நாளும் மாற்றினார்கள். அந்த வாரமே இன்னும் மூன்று சோடி சேர்ந்தது. நானே சேர்த்துவைத்தேன். உயரமான ஆளுக்கு உயரமான ஆள், குட்டைக்குக் குட்டை, இல்லாவிட்டால் சீட்டை ஏற்றி இறக்கியே விடிந்துவிடும். கல்யாணத் தரகர்கூட அவ்வளவு பொருத்தம் பார்த்திருக்க மாட்டார்.

பத்தாவது நாளோ என்னவோ, வந்தது சோதனை. பின்னேரம் ஐந்தரை. சாமித்தம்பி அண்ணன் என் படகில் அக்கரைக்கு வந்து இறங்கினார். உதுமாலெவ்வை காக்காவைக் காணவில்லை, சைக்கிளையும் காணவில்லை. நான் இன்னொரு ட்ரிப் போய் வந்தேன். அப்போதும் இல்லை. மற்றச் சோடிக்காரர்கள் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே நின்றார்கள். ஒருவன் முணுமுணுத்தான்: “நான் அப்பவே சொன்னன். இந்த விளையாட்டு வேணாமெண்டு.” இன்னொருவன் தன் சைக்கிளை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அன்று அந்தச் சைக்கிள் வராவிட்டால் மறுநாள் ஒருவனும் சாவி கொடுக்க மாட்டான் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. படகும் முடிந்தது, நானும் முடிந்தேன். அல்லாஹ்வே என்று மணலில் குந்திவிட்டேன்.

சாமித்தம்பி அண்ணன் மருதமரத்தடியில் வயல் வழியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பொழுது சாயும் நேரம், வரம்பில் ஒரு உருவம் வந்தது. முதலில் என்னவென்று விளங்கவில்லை. கிட்ட வந்த பிறகுதான் தெரிந்தது, உதுமாலெவ்வை காக்கா சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு வருகிறார். உடுத்த சாரம் முழுக்கச் சேறு. மூச்சு வாங்குகிறது. பின் சில்லில் கருவேல முள் குத்திக் காற்றுப் போயிருந்தது.

சாமித்தம்பி அண்ணன் ஓடிப்போய் இறக்கினார். “என்ன காக்கா இது, உருட்டிக்கொண்டு வந்திருக்கலாமே! மூணு மைல் சுமந்தா வாற?”

“காத்துப் போன சில்ல உருட்டினா டயர் வெட்டுப்படும் அண்ணன். என்ட சைக்கிளெண்டா உருட்டியிருப்பன்.”

முணுமுணுத்தவன் முதல் ஆளாகப் போய் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க எஞ்சினில் ஏதோ பார்ப்பது போலக் குனிந்துகொண்டேன்.

அந்தக் கதை இரவோடிரவாக இரண்டு கரையிலும் பரவியிருந்தது. மறுநாள் காலையில் என் படகில் பதினாறு இடமும் நிறைந்தது. பன்னிரண்டு பேர் கரையில் நின்றார்கள்.

4. பெறுமதி

அதன் பிறகு எங்களுக்கு மேடு இல்லை, எல்லாம் இறக்கம்தான். “உங்கட சோடி ஆரு?” என்று ஆட்கள் ஒருவரையொருவர் கேட்கத் தொடங்கினார்கள். பெருநாளைக்குச் சோடி வீட்டுக்கு வட்டிலப்பம் போனது, பொங்கலுக்குச் சோடி வீட்டிலிருந்து பொங்கல் வந்தது. பெரும்போக வெட்டுக்கு முன்பே ஹாஜியார் எஞ்சினைக் கழற்றுவதற்குப் பதிலாக இரண்டாவது படகை இறக்கினார். தன் மூளையால்தான் இதெல்லாம் நடந்தது என்று பஜார் முழுக்கச் சொன்னார். சொல்லிவிட்டுப் போகட்டும், சம்பளத்தைக் கூட்டினாரே.

நான் கற்றது இதுதான். பிற்காலத்தில் பஸ், வேன் என்று சேவை தொடங்கிய பொடியன்கள் என்னிடம் வந்து கேட்டால், வாகனத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதில்லை. ஏறுகிறவனைப் பார்க்காதே, இறங்கினவன் பின்னால் ஒரு நாள் நடந்து போய்ப் பார் என்பேன். அவன் வீட்டிலிருந்து புறப்பட்டு வேலைத்தலத்தில் கால் வைக்கும் வரை உள்ள முழு வழிக்கும்தான் காசு தருகிறான். நடுவில் உள்ள துண்டை மட்டும் நீ வேகமாக்கினால் அது அவனுக்கு வேடிக்கை, அவ்வளவுதான்.

மாமா மட்டும் பாதையில்தான் போனார். அவருக்கும் அக்கரையில் இரண்டு ஏக்கர் இருந்தது. என் படகு தாண்டிப் போகும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார்.

ஒரு நாள் விடியப்புறம் வாய்க்காலில் தண்ணீர் திறக்கப்போவதாக வட்டவிதானை, அதாவது வயற்காரர்களின் தலைவர், அறிவித்திருந்தார். நேரத்துக்குப் போய் வரம்பை வெட்டி விடாவிட்டால் முறை அடுத்தவனுக்குப் போய்விடும். பாதை அக்கரையில் ட்ரக்டருக்காக நின்றது. மாமா துறையில் அங்குமிங்கும் நடந்தார். பிறகு சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வந்து என் படகின் முன் வாங்கில் உட்கார்ந்தார். நான் உடனே எஞ்சினை எடுத்தேன். அக்கரையில் அவர் உயரத்துக்கு ஏற்ற ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைப் பார்த்துச் சோடி சேர்த்துவிட்டேன். மாமா அந்தச் சைக்கிளில் ஏறிப் பறந்தார்.

பின்னேரம் திரும்பி வந்தார். காலில் ஈரச் சேறு. தண்ணீர் கிடைத்துவிட்டது என்பது அவர் நடையிலேயே தெரிந்தது. எங்கள் கரையில் இறங்கியதும் இடுப்பு மடியிலிருந்து இரண்டு ரூபாய் எடுத்து நீட்டினார்.

“நீங்க தர வேணாம் மாமா” என்றேன்.

எட்டு மாதத்துக்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“என்னத்துக்குத் தராம? போக ஒண்டு, வர ஒண்டு, எடுங்க மருமகன். சும்மா போறதுக்குப் பாதை இரிக்கி. பெறுமதியானதுக்கு நான் சல்லி குடுக்காம உட்டதில்ல.”

வாங்கிப் பெட்டியில் போட்டேன். அடுத்த ட்ரிப்புக்கு ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். சந்தோசத்தில் பெற்றோலுக்கு மாற்ற மறந்துபோனதால், ஸ்டார்ட்டர் கயிற்றை மூன்று தடவை இழுத்த பிறகுதான் எஞ்சின் பிடித்தது.