மருமகள் படித்துச் சொன்ன கொரியா நாடகம்

என் மருமகள் ஒருமுறை என்னிடம், வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டாள். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். அவள் கேட்டதும் எனக்குத் தெரியாது, நான் பதில் சொன்னதும் எனக்குத் தெரியாது. இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். அந்த நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். அதுவும் கொரியா நாட்டு நாடகம்.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில். கோயிலுக்குப் போகிற வழியில் என் வீட்டுக்காரருக்குப் பூஜைச் சாமான் கடை. விடிகாலையில் போய்க் கடையைத் திறப்பார். காலைக் கூட்டம் குறைந்த பிறகு, பதினோரு மணிக்கு மேல் வந்து குளித்துவிட்டுப் பெருமாளுக்குப் படைப்பார். அதற்குத் தளிகை தயாராக இருக்க வேண்டும். படைக்காமல் ஒரு பருக்கை சோறு எங்கள் அடுக்களையை விட்டு வெளியே போகாது. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான். மகன் துவாக்குடிப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் போகிறவன், கேன்டீனில் சாப்பிட்டுக்கொள்வான். எனக்கு முட்டி வலி வந்த பிறகு தளிகை மருமகள் பொறுப்பானது. குளித்து, ஈரம் காயாத தலையோடு அவள் அடுப்பு முன்னால் நிற்பதைப் பார்த்தால் எனக்கு மனது நிறைந்துவிடும். பெருமாள் நல்ல பெண்ணைக் கொடுத்தார் என்று நினைத்துக்கொள்வேன்.

அவள் முசிறிப் பக்கத்துப் பெண். அப்பாவுக்கு வாழைத்தோப்பு. பி.காம். படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் இங்கே டவுனில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்தாள். கல்யாணப் பேச்சு நடந்தபோது, "கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கலாம்" என்று நாங்கள்தான் சொன்னோம். அப்புறம் யாரும் அதைப் பார்க்கவில்லை.

மத்தியானம் சாப்பிட்டு எழுந்தால் சாயங்காலம் விளக்கு வைக்கும் வரை வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் போனில் ஏதோ பார்த்துத் தனக்குள் சிரிப்பாள். ஒருநாள், "அப்படி என்னம்மா பாக்குற, எனக்கும் காட்டேன்" என்றேன். வெட்கப்பட்டுக்கொண்டு அதை டிவியில் போட்டாள். திரையில் எல்லோரும் வெள்ளை வெளேரென்று, ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தார்கள்.

"இதுல யாரு அண்ணன், யாரு தம்பி? எனக்கு ஒண்ணும் புரியலையே."

"கோட்டு போட்டவன் அண்ணன், அத்தை. தொப்பி போட்டவன் தம்பி."

"தொப்பியக் கழட்டிட்டா?"

"கழட்ட மாட்டான். நான் பாத்துக்கறேன்."

கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடும். எனக்குத் தமிழ்தான் வரும். மாத்திரை அட்டையில் இருக்கும் இங்கிலீஷைக்கூட எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் தலைவலியே போய்விடும். அதனால் அவள் படித்துப் படித்துத் தமிழில் சொல்லுவாள். மாமியார் பேசினால் குரலைக் கனமாக்குவாள், அந்தப் பெண் பேசினால் மெல்லிசாக. வில்லன் வந்தால் நான் திட்டுவதற்கும் நேரம் விட்டுப் படிப்பாள். அவள் அம்மா வீட்டிலிருந்து வாழைப்பூ வந்துகொண்டே இருக்கும். முறத்தை நடுவில் வைத்து, ஒவ்வொரு பூவிலும் வேகாத நரம்பைக் கிள்ளி எடுத்தபடி பார்ப்போம். பூ முடிந்துவிடும், நாடகம் முடியாது.

அந்த ஊர் வழக்கங்கள் எனக்கு ஆச்சரியமாக இருந்தன. செருப்பை வாசலிலேயே விடுகிறார்கள். பெரியவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் கொடுக்கிறார்கள். செத்துப்போனவர்களுக்கு நாம் திவசம் கொடுப்பதுபோல், பலகையில் வரிசையாகப் பதார்த்தம் வைத்துத் தரையில் விழுந்து கும்பிடுகிறார்கள். அதில் மீனும் இருக்கும், சாராயமும் இருக்கும். நான் கண்ணை மூடிக்கொள்வேன். "அது முடிஞ்சுதா?" என்பேன். "மீன் போயிடுச்சு அத்தை, கண்ணத் திறங்க" என்பாள்.

ஒரு நாடகத்தில் வயதான தாத்தா ஒருவர் செத்துப்போனார். வாரக்கணக்கில் நம் வீட்டு ஆள் மாதிரி பார்த்தவர். எனக்குத் தாங்கவில்லை. எழுந்துபோய் முகம் கழுவி, பெருமாள் முன்னால் ஒரு விளக்கேற்றிவிட்டு வந்தேன். மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அத்தை, அவரு நடிகரு. அடுத்த நாடகத்துல ஹோட்டல் முதலாளியா வர்றாரு!" சொன்னபடி வந்தார். நல்லபடியா இருங்கய்யா என்று சொல்லிக்கொண்டேன்.

ஜப்பான் நாடகமும் போடுவாள். அதில் எனக்குப் பொறுமை போதாது. ஒருவர் கையைக் கூப்பிவிட்டுச் சாப்பிடுவார். அது பிடித்தது. ஆனால் சாப்பிடுவதையே அரைமணி நேரம் காட்டுவார்கள். ஏகாதசி விரதத்தன்று அதைப் போட்டாள் பாருங்கள், எனக்குக் கோபமே வந்துவிட்டது. மற்றபடி யாரும் சண்டை போடுவதில்லை, பேசுவதுமில்லை.

"என்னம்மா சொல்றா?"

"ஒண்ணும் சொல்லல அத்தை. மழையப் பாக்கறா."

"மனசுல இருக்கறத வாயத் திறந்து சொன்னாத்தானே தெரியும்?"

"அவங்க ஊர்ல அப்படித்தான் போல" என்றாள்.

ஒரு கொரியா நாடகம் எங்களுக்கு ரொம்பப் பிடித்தது. பெரிய ஓட்டு வீடு, வருஷம் பூராவும் முன்னோருக்குப் படையல் போடுகிற குடும்பம். அந்த வீட்டு மூத்த மருமகள் எந்நேரமும் அடுப்படியிலேயே நிற்பாள். மாமியார் சின்னப் பலகைக்கு முன்னால் சிலை மாதிரி உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் அந்தப் பெண் கையில் கிண்ணத்தோடு வந்து மாமியார் எதிரில் நின்றாள். தலை குனிந்தபடி, மெதுவாக ஏதோ கேட்டாள். என் மருமகள் படிக்கவில்லை. கையில் இருந்த பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கேக்குறா? சொல்லும்மா."

"வேலைக்குப் போகட்டுமான்னு கேக்குறா அத்தை."

"என்ன வேலை?"

"ஏதோ ஆபீஸ் வேலையாம். முன்னாடி பாத்த இடத்துலயே மறுபடியும் கூப்பிடறாங்களாம்."

"நல்லா இருக்கே! அந்த வீட்டுல அவளுக்கு என்ன குறையாம்?"

"குறைன்னு இல்லையாம். படையலக் கொஞ்சம் முன்னாடி வச்சுக்கிட்டா, எல்லாத்தையும் சமைச்சு வச்சுட்டுப் போயிடுவாளாம். சீக்கிரமே எந்திரிச்சுக்கறேன்னு சொல்றா."

நான் சிரித்துவிட்டேன். "சாமிக்கே டைம் போட்டுக் குடுக்கறாளா? பெரியவங்க வச்ச முறைய இவ சௌகரியத்துக்கு மாத்தணுமாக்கும். நானா இருந்தா முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவேன்."

திரையில் அந்த மாமியார் ஏதோ ஒரு வார்த்தை சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அவ என்ன சொன்னா?"

"நீங்க சொன்னதத்தான் சொன்னாங்க, அத்தை."

"பாத்தியா! எந்த ஊரா இருந்தா என்ன, மாமியார் மாமியார்தான்" என்றேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அவளும் சிரித்தாள். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பூ இன்னும் பாதி இருந்தது.

கொஞ்ச நாளில் மகன், பைக்கில் அவ்வளவு தூரம் போய்வர இடுப்பு வலிக்கிறது, கே.கே. நகரில் வீடு பார்த்துக்கொள்கிறேன் என்றான். அங்கிருந்து துவாக்குடி பக்கம்தான், நியாயம்தான் என்று நினைத்தேன். குடிபோன அந்த மாதமே அவள் பழைய ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்துவிட்டாள். புது இடத்தில் தனியாக இருக்கப் பொழுதுபோகவில்லை போலிருக்கிறது என்று நானே எல்லோரிடமும் சொன்னேன். பண்டிகைக்கு வருவார்கள். அவள் முன்போலவே அன்பாகத்தான் இருந்தாள். எந்தக் குறையும் சொன்னதில்லை. தளிகை மறுபடியும் என் கைக்கு வந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டேன்.

எனக்குப் பொழுது போகட்டும் என்று மகன் டிவியில் தமிழ் பேசுகிற கொரியா நாடகங்களை எடுக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனான். அதில் ஒருநாள் அந்த ஓட்டு வீட்டு நாடகம் வந்தது. பழைய சிநேகிதியைப் பார்த்த மாதிரி முதலிலிருந்து பார்த்தேன். மருமகளின் குரல் இல்லாமல் அவர்கள் தமிழ் பேசுவது முதலில் ஒட்டவில்லை. பிறகு பழகிவிட்டது. அந்த இடத்துக்காகக் காத்திருந்தேன், அந்த மாமியார் என்ன வார்த்தை சொன்னாள் என்று கேட்க.

அந்தப் பெண் கிண்ணத்தோடு வந்து நின்றாள். தலை குனிந்தாள்.

"சூப் ஆறிடுச்சு அத்தை. சூடு பண்ணிக் கொண்டு வரட்டுமா?"

"வேண்டாம். பசி இல்லை" என்று சொல்லிவிட்டு மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவ்வளவுதான். அடுத்த காட்சி வந்துவிட்டது. தமிழில் பேசினவர்கள் தப்பாகப் பேசிவிட்டார்கள் என்று நினைத்து, பின்னால் தள்ளி மறுபடியும் பார்த்தேன். அவள் நீட்டிய கிண்ணத்தை மாமியார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சூப்தான். மிச்ச நாடகத்தையும் முடிகிற வரை பார்த்தேன். அந்தப் பெண் எந்த இடத்திலும் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. படையல் நேரத்தை மாற்றச் சொல்லவும் இல்லை.

அதைக் கேட்டவள் என் பக்கத்தில் உட்கார்ந்து வாழைப்பூ கிள்ளிக்கொண்டிருந்தாள்.

அன்று விளக்கு வைக்கும்போது என்னால் பெருமாள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மறுநாள் என் வீட்டுக்காரர் படைத்துவிட்டு இலையில் உட்கார்ந்ததும் கேட்டேன்.

"ஏங்க, படைக்கறதைக் காலைல ஏழு மணிக்கே வச்சுக்கிட்டா தப்பா?"

"தப்பு என்ன இருக்கு? கடையக் கொஞ்சம் லேட்டாத் தொறந்தாப் போச்சு. கோயில்லயே உற்சவம் வந்தா பூஜை நேரத்த மாத்தறாங்க. எனக்கும் வெயில்ல வந்து போற வேலை மிச்சம்." ரசத்தைக் குடித்துவிட்டு, "என்ன திடீர்னு?" என்றார்.

"ஒண்ணுமில்ல. இத்தனை வருஷமா நீங்க சொல்லவே இல்லையே?"

"நீ கேக்கவே இல்லையே" என்றார்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். ஒரு வார்த்தையில் முடிகிற காரியம். அதற்குத்தான் அவள் அந்தக் கிண்ணம் வருகிற காட்சிக்காக எத்தனை நாள் காத்திருந்தாளோ.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி கே.கே. நகருக்குப் போனேன். மகன் கடைத்தெருவுக்குப் போயிருந்தான். மருமகள் அந்த வாரத்துச் சுடிதார்களுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "சொல்லாம வந்துட்டீங்களே அத்தை, உக்காருங்க" என்று மின்விசிறியைப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். அவள் வீட்டு அலமாரியிலும் பெருமாள் படம் இருந்தது. காலையில் வைத்த பூ வாடாமல் இருந்தது.

"அந்த ஓட்டு வீட்டு நாடகம் தமிழ்ல வந்துச்சும்மா" என்றேன். "முழுசும் பாத்தேன்."

இஸ்திரிப் பெட்டி நின்றது. துணி தீய்ந்துவிடுமே என்று எனக்குப் பயம். அவள் அதை நிமிர்த்தி வைத்தாள்.

"சூப்பு அத்தை அது" என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. கூடவே கண்ணீரும் வந்தது எனக்கு மட்டும்தான்.

"நீதான் கேக்குறேன்னு எனக்குத் தெரியாமப் போச்சேம்மா."

"தெரியக் கூடாதுன்னுதானே அப்படிக் கேட்டேன்."

"நேரா கேட்டிருக்கலாமே?"

"நேரா கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க அத்தை?"

பட்டென்று ஒரு பதில் வாய்வரை வந்தது. தாராளமா போன்னு சொல்லியிருப்பேன் என்று. அலமாரியில் பெருமாள் படம் எதிரிலேயே இருந்தது. அவர் முன்னால் பொய் சொல்ல வரவில்லை. அந்தக் காலத்து என்னை எனக்குத் தெரியாதா?

"முடியாதுன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றேன். "உங்க அப்பாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிக்கூட இருப்பேன்."

"அதான் அத்தை" என்றாள். குரலில் துளி கோபமில்லை. "அவ வாயில வச்சுக் கேட்டதால, உங்க பதிலும் தெரிஞ்சுது, நமக்குள்ள சண்டையும் வரல. மறுநாளும் உக்காந்து நாடகம் பாத்தோம்ல?"

பார்த்தோம்தான். ஒரு நாள்கூட விடவில்லை. அந்த நாட்களில் எல்லாம் அவள் முகத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். நான் திரையைத்தான் பார்த்திருக்கிறேன்.

இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். சாப்பிட்டேன். ராத்திரி தங்கச் சொன்னாள். காலையில் தளிகை இருக்கிறது என்று கிளம்பினேன். பஸ் ஸ்டாப் வரை கூட வந்தாள். திங்கட்கிழமை ஆபீஸில் கணக்கு முடிக்கிற வேலை அதிகம் என்று பேசிக்கொண்டே வந்தாள். முகம் தெளிவாக இருந்தது.

இந்த வாரத்திலிருந்து நாங்கள் ஏழு மணிக்கே படைத்துவிடுகிறோம் என்று அவளிடம் சொல்லத்தான் போயிருந்தேன். சொல்லவில்லை. எட்டு மணிக்குச் சோறு தயாராக இருக்கிற வீட்டிலிருந்து டப்பா எடுத்துக்கொண்டு போக இப்போது ஆள் இல்லை. அதைச் சொன்னால் அவளுக்கு என்ன சந்தோஷம் வந்துவிடும்? பஸ் வந்தது. "பாத்து ஏறுங்க அத்தை" என்று என் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள்.