நேதன் எழுதிய மறுபாதி

என் நண்பர் நேதன் எழுதியதில் பாதியை வெட்டிவிட்டு, மீதியைத் தமிழில் போட்டு, ‘ஒரு யூதரே சொல்கிறார், படியுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். தெரியாமல் செய்யவில்லை. எந்த இடத்தில் வெட்டினால் என் வாதம் ஜெயிக்கும் என்று பார்த்து, டீ குடித்துக்கொண்டே நிதானமாக வெட்டினேன்.

எழுபதைத் தாண்டிய வயதில் செய்த காரியம். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது... ஆனால் வாராவாரம் மற்றவர்களைக் கிண்டல் செய்கிற இந்தப் பத்தி, ஒரு வாரம் என் பக்கமும் திரும்பினால்தானே நியாயம்?

நேதன், நியூஜெர்சியில் எங்கள் தெருக்காரர். ஹைஸ்கூலில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவர். யூதர். ஒரு பிளாக் எழுதுகிறார். இஸ்ரேலியரும் பாலஸ்தீனரும் ஒருவரையொருவர் கொல்லாமல் பக்கத்துப் பக்கத்தில் வாழ முடியும் என்பதுதான் அதன் ஒரே விஷயம். ஒவ்வொரு பதிவிலும் பாதி, இஸ்ரேலில் பிள்ளையை இழந்த ஒரு வீட்டைப் பற்றி இருக்கும். மறுபாதி, காஸாவில் பிள்ளையை இழந்த ஒரு வீட்டைப் பற்றி. முடிவில் இரண்டு தரப்புத் தீவிரவாதிகளுக்கும் சேர்த்து ஒரு குத்து. ‘இவர்கள் எதிரிகள் இல்லை, பார்ட்னர்கள். ஒருவர் கடையில் கூட்டம் குறைந்தால் மற்றவர் ஆள் பிடித்துக் கொடுப்பார்’ என்று ஒருமுறை எழுதியிருந்தார்.

இதற்கு என்ன பரிசு கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள்? துரோகி என்று அவருடைய ஆட்களே திட்டுவார்கள். வேஷக்காரன் என்று எதிர்த்தரப்பு திட்டும். சொந்த அண்ணன் அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

நேதன் அசர மாட்டார். வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குள் பதிவைப் போட்டுவிட்டு, கம்ப்யூட்டரையும் போனையும் அணைத்துவிடுவார். அவர்களுடைய ஓய்வு நாள் அது. சனிக்கிழமை இருட்டும்வரை இரண்டையும் தொட மாட்டார். தலையில் குல்லா கிடையாது, பிரார்த்தனைக்குப் போவதும் அபூர்வம் — இந்த ஒன்றில் மட்டும் கறார். “ஒரு நாள் முழுக்க என்னைத் திட்டட்டும், எனக்குக் கேட்காது. கடவுள் யோசித்துத்தான் ஏற்பாடு செய்திருக்கிறார்” என்பார்.

மாதத்தில் ஒரு ஞாயிறு, லைப்ரரி அறை ஒன்றில் அவர் நடத்துகிற கூட்டத்துக்கு நானும் போவேன். யூதக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். குரல் உயரும். யாராவது எழுந்து வெளியே போய், கோபம் ஆறியதும் திரும்பி வருவார்கள். முஸ்லிம் குடும்பங்களைக் கூட்டி வந்தவர் ஷாகுல் பாய். நாகூர்க்காரர், பக்கத்து ஊரான ஐசலினில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். நேதனுக்கு அவரை அறிமுகம் செய்ததே நான்தான். “அந்த மனுஷனை நம்பலாம், நான் பொறுப்பு” என்று பள்ளிவாசலில் தயங்கியவர்களிடம் சொல்லி அழைத்து வந்தவர் அவர்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

எங்கள் நடைக்குழுவுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. பிள்ளைகளோடு டெக்சாஸுக்குக் குடிபோனவர்களும் அதை விட்டுப் போகவில்லை. அங்கே நடப்பவர்கள் குறைவு, சண்டை போடுபவர்கள் அதிகம். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஷாகுல் பாய் காஸாவைப் பற்றி வருத்தமாக ஏதோ எழுத, நான் இஸ்ரேல் பக்கம் பேசிப் பதில் எழுத, டெக்சாஸில் கேட்டி என்கிற ஊரிலிருந்து ஒருவரும் ஆலன் என்கிற ஊரிலிருந்து ஒருவரும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள்.

எங்களில் ஒருவருக்கும் அந்தப் பக்கம் சொந்தமோ பந்தமோ கிடையாது. மேப்பில் காட்டச் சொன்னால் பாதிப் பேர் விரலை எகிப்தில் வைப்போம். ஆனால் ‘ஒருத்தரையும் விடக் கூடாது’ என்று சோபாவில் சாய்ந்தபடி தீர்ப்பு எழுத மட்டும் யாரும் தயங்கவில்லை. அங்கே இருப்பவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. நமக்கு? இரவுச் சாப்பாட்டுக்கு முன் கொஞ்சம் பசி எடுக்கட்டும் என்று செய்கிற காரியம்.

நான் தோற்றுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் நேதனின் புதிய பதிவு கண்ணில் பட்டது. முதல் பாதி, பஸ் நிறுத்தத்தில் கொல்லப்பட்ட ஓர் இஸ்ரேலியப் பையனைப் பற்றி — கல்லும் கரைகிற எழுத்து. அதை மட்டும் எடுத்தேன். அனுப்பினேன். கைதட்டல் பொம்மைகள் வரிசையாக விழுந்தன. கேட்டிக்காரர் அதைத் தனக்குத் தெரிந்த குரூப்களுக்கெல்லாம் தள்ளிவிட்டார். விடிவதற்குள் அது ஊரைச் சுற்றி, ஐசலின் பள்ளிவாசல்காரர்களின் போனுக்கே வந்து சேர்ந்தது. ‘உங்க ஆளு எங்க பிள்ளைகளைப் பத்தி ஒரு வரிகூட எழுதலையே’ என்று ஷாகுல் பாயிடம் காட்டியிருக்கிறார்கள்.

சனிக்கிழமை காலை அவர் நேதனைக் கூப்பிட்டார். போன் அணைந்திருந்தது. மெசேஜ் போட்டார். பதில் இல்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“சார், நேதன் போன் எடுக்க மாட்டேங்குறார். அவர் நெஜமாவே இப்படித்தான் எழுதினாரா?”

“ஆமா பாய், அவர் எழுதினதுதான்” என்றேன். பொய் இல்லை பாருங்கள்.

“கேட்டா பதிலும் சொல்ல மாட்டேங்குறாருன்னா, என்ன சார் அர்த்தம்?”

இன்று சனிக்கிழமை, அவர் போனைத் தொட மாட்டார், மறுபாதி ஒன்று இருக்கிறது — மூன்றும் எனக்குத் தெரியும். “தெரியலையே பாய்” என்றேன். இது பொய்.

இருட்டியதும் நேதன் திருப்பிக் கூப்பிட்டிருக்கிறார். ஷாகுல் பாய் எடுக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் வட்டத்தின் ஒரு பக்கம் காலி. அதற்கடுத்த கூட்டத்திலும் அப்படியே. இப்படியே போனால் அறையை யோகா வகுப்புக்குக் கொடுத்துவிடுவோம் என்று லைப்ரரியில் பக்குவமாகச் சொன்னார்கள். நாற்காலிகளை மடித்து வைத்துக்கொண்டே நேதன் என்னிடம், பிளாக்கை நிறுத்திவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். திட்டுகிறவர்களைத் தாங்க முடிகிறதாம். பக்கத்தில் உட்கார்ந்தவர் ஏன் போனார் என்றே தெரியாமல் இருப்பதுதான் தாங்கவில்லையாம்.

அங்கேயே சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

நேதன் கையிலிருந்த நாற்காலியை மறுபடி விரித்து அதிலேயே உட்கார்ந்தார். பிறகு கேட்டார், “தமிழில் நன்றாக வந்திருந்ததா?”

எழுதுகிறவன் புத்தி! நன்றாக வந்திருந்தது என்றேன். “அது இன்னும் மோசம்” என்றார். “என்னிடம் சொல்வது சுலபம். ஷாகுலிடம் போய்ச் சொல்.”

முதலில் குரூப்பில் மன்னிப்புக் கேட்டு, முழுப் பதிவையும் தமிழில் போட்டேன். ஒரு பொம்மைகூட விழவில்லை. பாதியை ஊரெல்லாம் பரப்பிய கேட்டிக்காரர், ‘ரொம்ப லெங்த்தா இருக்கு சார், அப்புறம் படிக்கிறேன்’ என்றார். வெட்டினால் பறக்கிறது, முழுதாக வைத்தால் படுத்துவிடுகிறது.

அப்புறம் கடைக்குப் போனேன். ஷாகுல் பாய் பருப்பு மூட்டைக்குப் பக்கத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கோபமா என்று கடைசியில் நானே கேட்டேன்.

“எனக்கு இங்கிலீஷ் தெரியாதா சார்? அவர் பிளாக்குக்குப் போய் நானே பாத்திருக்கலாம். ஏன் பாக்கலை தெரியுமா? அனுப்பினது நீங்க. அதனால பாக்கலை.”

கொஞ்சம் பொறுத்து, “பள்ளிவாசல்ல ஒவ்வொருத்தர்கிட்டயா இனிமே நான் என்னன்னு சொல்றது?” என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கஸ்டமர் வந்துவிட்டார்.

நானே பள்ளிவாசல் வாசலில் நின்று, தொழுகை முடிந்து வந்தவர்களிடம் நடந்ததைச் சொன்னேன். சிலர் கேட்டார்கள். சிலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

இந்த மாதக் கூட்டத்துக்கு ஷாகுல் பாய் வந்தார். தனியாக, தாமதமாக. மற்ற குடும்பங்கள் வரவில்லை. வருவார்களா என்று அவருக்கும் தெரியவில்லை. நேதனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் பாதியில் இது சரியில்லை, இரண்டாம் பாதியில் அது போதாது என்று லைப்ரரி மூடும்வரை சண்டை போட்டார். நேதன் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். என்னைப் பார்த்து ஷாகுல் பாய் தலையை மட்டும் அசைத்தார். முன்பெல்லாம் தோளில் கை போடுவார்.

இப்போது நேதனின் ஒவ்வொரு பதிவையும் ஒரு வரி விடாமல் தமிழில் எழுதி ஷாகுல் பாய்க்கு அனுப்புகிறேன். அவர் திறப்பதே இல்லை — நேராக நேதனின் பிளாக்குக்குப் போய் ஒரிஜினலையே படித்துவிடுகிறாராம்.

என் மொழிபெயர்ப்பால் விளைந்த ஒரே நன்மை அதுதான்.