பளபளப் புத்தகமும் ‘இருக்கலாம்’ புத்தகமும்

சேலை எடுக்கப் போகிறவருக்கு ஒரு சௌகரியம் உண்டு, கட்டப்போவதும் அவர்தான். பாடப்புத்தகம் எடுக்கும் எங்கள் தொழிலில் எடுப்பது ஒருத்தர், பணம் கட்டுவது இன்னொருத்தர், சுமப்பது மூன்றாமவர், படிப்பது யாரென்று கடைசிவரை தெரியாது. மேல்நிலை வகுப்புக்குப் பண்டைய வரலாறு நடத்தி அவதிப்படும் சக ஜீவன்களே, உங்களுக்கு இது புதிதில்லை. என் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில் இருக்கிறது எங்கள் தனியார் பள்ளி. சிமென்ட் லாரி கிளப்பும் புழுதி, அனுமதி கேட்காமல் வகுப்புக்குள் வந்து முதல் பெஞ்சில் உட்காரும். பல வருஷம் நான் கெஞ்சியதன் பலனாகப் பிளஸ் ஒன்னில் வரலாற்றுப் பிரிவு தொடங்கினார்கள். பாடத்திட்டம் மேலேயிருந்து வந்துவிட்டது; அதற்கு எந்தப் புத்தகம் என்பதை மட்டும் பள்ளியே முடிவு செய்யவேண்டும். எங்கள் தாளாளர் எறையூர்ப் பக்கம் கரும்பு போடுகிறவர். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கரும்புக் கணக்கிலேயே விஷயத்தைச் சொன்னார்: "வெட்டின கரும்புக் கட்டை மறுதாம்பா துளிர்க்கலைன்னா தோண்டிட்டு உளுந்து வெதச்சுடுவேன் டீச்சர். அடுத்த ஜூன்ல புதுப் பிள்ளைங்க சேரலைன்னா ஹிஸ்டரிய மூடிட்டு அந்த ரூம்புல கம்ப்யூட்டர் போட்டுடுவேன்."

ஸ்டாஃப் ரூமில் ஒரு தராசு

மூடிவிட்டால் நான் மறுபடியும் ஆறாம் வகுப்புக்குப் போய், "யாருடா சாக்பீஸ் எறிஞ்சது?" என்று காலம் தள்ள வேண்டியதுதான். அதனால் புத்தகம் நன்றாக அமையவேண்டுமே என்று உடனே வேலையில் இறங்கினேன். பதிப்பகங்களுக்குப் போன் போட்டேன். மாதிரிப் பிரதிகள் வந்து மேஜையில் குவிந்தன. கூடவே காலண்டரும் பேனாவும் வந்தன. பேனாவை யார் யாரோ எடுத்துக்கொண்டார்கள், புத்தகத்தை ஒருவரும் தொடவில்லை.

கருத்துச் சொல்லுங்கள் என்று நான்தான் வலியப் போய்க் கேட்டேன். வேண்டாத வேலை. கணக்கு டீச்சர் ஒவ்வொரு புத்தகத்திலும் கடைசிப் பக்கத்தை மட்டும் திருப்பி, ஒரு மார்க் கேள்வி நிறைய இருப்பதைத் தனியாக எடுத்து வைத்தார். இயற்பியல் சார் லேபுக்குப் போய் வில்தராசைக் கொண்டுவந்து, எல்லாவற்றையும் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு எடை பார்த்தார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு பக்கமாவது பாருங்களேன் சார் என்றேன். சார் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "உள்ள இருக்கறத சேர்த்துத்தானே மிஸ் நிறுத்திருக்கேன்."

இருக்கலாம்

எனக்குப் பிடித்த புத்தகம் ஒன்று அந்தக் குவியலில் இருந்தது. கறுப்பு வெள்ளை, பொடி எழுத்து, அழுத்தமான காகிதம். எதைச் சொன்னாலும் அது எப்படித் தெரியவந்தது என்று சொல்லும். ஒரு கல்வெட்டை ஒருவர் இப்படிப் படிக்கிறார், இன்னொருவர் அப்படிப் படிக்கிறார் என்று இரண்டு பக்கமும் காட்டும். தெரியாத இடத்தில் தெரியாது என்றே எழுதியிருந்தது. பாடப்புத்தகத்தில் அந்த வார்த்தையைப் பார்த்ததும் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இதுதான் என் புத்தகம் என்று முடிவு செய்துவிட்டேன்.

வகுப்பில் கொடுத்துப் பார்த்தேன். ரஞ்சன்குடியிலிருந்து பஸ்ஸில் வரும் பிரபு கொஞ்ச நேரம் புரட்டிவிட்டு, "இந்தப் புத்தகத்துக்கே தெரியலைன்னா எங்களுக்கு எப்படி மிஸ் தெரியும்?" என்று கேட்டான். சரி, பிள்ளைகள் அப்படித்தான், பெரியவர்களுக்குப் புரியும் என்று தாளாளரிடம் எடுத்துப் போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகத்தான் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "பக்கத்துக்குப் பக்கம் இருக்கலாம் இருக்கலாம்னே எழுதிருக்கான். ஃபீசு கட்டலாம், கட்டாமயும் இருக்கலாம்னு நாம போர்டு வைக்க முடியுமா டீச்சர்?"

சந்தேகத்துக்கு மருந்து

அடுத்த நாளே சென்னையிலிருந்து ஒரு பதிப்பகப் பிரதிநிதி வந்தார். டை கட்டியிருந்தார். ஆனி வெயிலில் பெரம்பலூரில் டை கட்டுகிறவரை நம்பவும் முடியாது, பரிதாபப்படாமல் இருக்கவும் முடியாது. அவர் எடுத்து வைத்த புத்தகம் மேஜையில் வைத்ததும் வழுக்கிக்கொண்டு ஓடியது, அத்தனை வழவழப்பு. பக்கமெல்லாம் கலர். எல்லா அரசர்களுக்கும் ஒரே மீசை. பாடத்துக்குப் பாடம் மஞ்சள் கட்டம் போட்டு, அதற்குள் விடை.

இந்த அரசர் இந்த வயதில் பட்டத்துக்கு வந்தார் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் என்னை விட்டுவிட்டுத் தாளாளர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அந்தப் பக்கம்தான் கையெழுத்து இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். பளபளப் புத்தகம் ஜெயித்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில், என்னுடைய ‘இருக்கலாம்’ புத்தகத்தின் மாதிரிப் பிரதியைக் கொண்டுபோய் வகுப்பு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பிரதிநிதி கிளம்பும்போது என்னைச் சமாதானப்படுத்துகிற தொனியில் சொன்னது: "கவலையே படாதீங்க மேடம், எங்க புத்தகத்துல சந்தேகத்துக்கு இடமே கெடையாது."

தங்கச்சிக்கு ஆகுமா?

புத்தகம் வாங்க பிரபுவின் அப்பா வந்தார். பருத்தி போடுகிறவர், எதையும் தட்டிப் பார்த்து வாங்குகிற ஆள். அட்டையை வளைத்துப் பார்த்தார், தையலை இழுத்துப் பார்த்தார். பிரபுவின் தங்கச்சி திவ்யா அப்போது பத்தாம் வகுப்பு. அவளை டாக்டராக்குவதென்று வீட்டில் முடிவாகியிருந்தது. ஒருவேளை மார்க் குறைந்தால் இந்தப் பிரிவுக்கு வரலாம், அப்போது இதே புத்தகம் ஆகுமா, மாற்றிவிடுவீர்களா என்று கேட்டார்.

புதுப் பதிப்பு வரக்கூடும் என்றேன். எங்கேயாவது தோண்டுவார்கள், ஏதாவது கிடைக்கும், தெரிந்ததெல்லாம் மாறும் என்று விளக்க ஆரம்பித்தேன். பாவம், என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஏங்க டீச்சர், எல்லாம் நடந்து முடிஞ்ச கதைதானே? அதுல வருஷா வருஷம் புதுசா என்னங்க நடந்துடப்போவுது?"

அது எங்க கோயில் இல்ல

விடுதியில் தங்கிப் படித்த நிவேதாவுக்குச் சொந்த ஊர் கங்கைகொண்ட சோழபுரம். வாய் திறக்காத பிள்ளை. சோழ நாட்டு வரைபடம் வந்தபோதுதான் முதல்முதலாகப் பேசினாள். படம் முழுக்க ‘சோழ நாடு’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து ஊரையெல்லாம் மறைத்திருந்தார்கள். "எங்க ஊரு ‘ழ’வோட வால்ல மாட்டிக்கிச்சு மிஸ்" என்றாள். எல்லாரும் அவரவர் ஊர் எந்த எழுத்துக்கு அடியில் கிடக்கிறது என்று தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

அதே பாடத்தின் முடிவில் கங்கைகொண்ட சோழபுரம் கோயில் என்று முழுப் பக்கத்துக்குக் கலர்ப் படம். நிவேதா எழுந்து நின்றாள், முகம் சிவந்துவிட்டது. "மிஸ், இது எங்க கோயில் இல்ல. எங்க கோபுரம் இடுப்புகிட்ட வளைஞ்சு மேல போவும். இது வெறச்சுக்கிட்டு நேரா நிக்குது. இது தஞ்சாவூரு." நான் பார்த்தேன். தஞ்சாவூரேதான். அந்தப் பக்கத்தை நானும் பலமுறை புரட்டியிருக்கிறேன், கண்ணில் படவில்லை.

உடனே பிரதிநிதிக்குப் போன் போட்டுக் கத்தினேன். என்னங்க இது, இந்த வட்டாரத்தில் விற்கிற புத்தகத்தில் இந்தக் கோயிலையே மாற்றிப் போடுவீர்களா என்றேன். அந்தப் பக்கம் சிறிதும் பதற்றமில்லை. "அது அப்பா கட்டுனது, இது மகன் கட்டுனது. சொத்து குடும்பத்துக்குள்ளதானே இருக்கு மேடம்!"

யாரு போய்க் கேட்டது?

அன்றைக்கு வகுப்புக்கு வந்த பசி அப்புறம் அடங்கவே இல்லை. இதில் வேறு எங்கே தப்பு என்று ஒரே வேட்டை, கிடைத்ததையெல்லாம் பதிப்பகத்துக்கு எழுதியனுப்பினோம். சந்தேகம் வந்தால் என்னிடம் சாவி வாங்கி அலமாரியைத் திறந்து ‘இருக்கலாம்’ புத்தகத்தைப் பார்ப்பார்கள். அது பாட்டுக்கு இரண்டு பக்கமும் பேசும். அதை வைத்து இன்னொரு சண்டை நடக்கும். பளபளப் புத்தகத்தை இப்படி வரி விடாமல் அதை எழுதியவர்கூடப் படித்திருக்கமாட்டார். எனக்கு உள்ளுக்குள் தலைகால் புரியாத சந்தோஷம்.

அந்த நேரம் பார்த்துத்தான் தாளாளர் வகுப்பைப் பார்க்க வந்தார். ‘அவர் ஆட்சியில் மக்கள் அனைவரும் மகிழ்ச்சியாக வாழ்ந்தனர்’ என்ற வரியை வாசித்துவிட்டு பிரபு கேட்டுக்கொண்டிருந்தான்: "எல்லாருமா? யாரு மிஸ் வூடு வூடாப் போய்க் கேட்டது?" வகுப்பே "தப்பு, தப்பு" என்று மேஜையைத் தட்டியது. தாளாளர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் ஆறாம் வகுப்பின் சாக்பீஸ் வாசனை எனக்கு அடித்துவிட்டது. "நான் வாங்கிக் குடுத்த புத்தகத்தத் தப்புன்னு சொல்றதுக்கா டீச்சர் ஃபீசு வாங்குறோம்?"

ஜூன்

சேர்க்கை நாளன்று கம்ப்யூட்டர்காரர் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து என் வகுப்பை அளந்துகொண்டிருந்தார். நான் பார்க்கப் பிடிக்காமல் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தேன். முதலில் வந்தது பிரபுவின் அப்பா, பின்னால் திவ்யா. நல்ல மார்க் வாங்கியிருந்தாள். இருந்தும் அவர் முகம் தொங்கிக் கிடந்தது. "அண்ணங்காரன் தெனம் வூட்டுக்கு வந்து, இன்னிக்கு புஸ்தகத்துல இன்ன தப்பு கண்டுபுடிச்சோம்னு சொல்லுவான். அதக் கேட்டுக் கேட்டு இவளுக்கு டாக்டர் வேணாமாம். புஸ்தகத்தையே எதுத்துப் பேசலாம், டீச்சர் திட்டமாட்டாங்களாமேன்னு இங்கதான் சேருவேங்குறா" என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் சில அப்பாக்கள் இதே முகத்தோடு நின்றார்கள். தாளாளர் வரிசையை எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். டேப்போடு நின்றவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, வரலாறு நடத்துகிறவள் பொது இடத்தில் அழக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் டை கட்டிய பிரதிநிதி வந்து சேர்ந்தார், கையில் புதுப் பதிப்பு. கோயில் படம் மாறியிருந்தது. நாங்கள் எழுதியனுப்பிய தப்பெல்லாம் திருத்தியாகிவிட்டது என்று பெருமையாகப் பிரித்துக் காட்டினார். திவ்யா வாங்கிப் பார்த்துவிட்டு மேஜையில் வைத்துவிட்டாள். "எனக்கு அண்ணனோட பழைய புத்தகமே போதும் மிஸ். இதுல எல்லாம் சரியா இருந்தா அப்புறம் நாங்க வகுப்புல என்ன பண்றது?" வரிசையில் நின்ற மற்ற பிள்ளைகளும் பழையதுதான் வேண்டுமென்று ஆரம்பித்தார்கள். விற்பனை கையைவிட்டுப் போவதைக் கண்ட பிரதிநிதி டையைத் தளர்த்திக்கொண்டு திவ்யாவிடம் குனிந்து, அவர் தொழிலிலேயே மிக நேர்மையான வார்த்தையைச் சொன்னார்: "பயப்படாத பாப்பா, இதுலயும் கட்டாயம் வேற தப்பு இருக்கும்."

அதிலிருந்து எங்கள் பள்ளியில் புத்தகம் தேர்ந்தெடுக்க உட்காரும்போதெல்லாம், எடையும் கலரும் ஒரு மார்க் கேள்வியும் பார்த்து முடிந்தபிறகு நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: பிள்ளைகள் சண்டை போட இதில் ஏதாவது மிச்சம் வைத்திருக்கிறீர்களா, இல்லையா?