இழுத்துப் பார்க்காத கட்டு

பிரசங்கம் தொடங்கியதும் முடிச்சு மாஸ்டரின் வலது கை கால்சட்டைப் பைக்குள் போய்விடும். பையில் எப்போதும் இரண்டு முழக் கயிறு கிடக்கும். கண் பீடத்தின் மேல் பக்தியோடு இருக்க, விரல்கள் உள்ளே முடிச்சுப் போட்டு இழுத்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி முழங்கையால் இடிப்பார். கை ஒரு நிமிடம் அடங்கும், பிறகு பழைய குருடி கதைதான். பூசை முடிந்து வாசலுக்கு வந்ததும் கயிற்றை வெளியே எடுத்து எண்ணுவார். "இன்னைக்கு ஏழு முடிச்சுப் பிரசங்கம். போன வாரத்துக்கு இது தேவலாம்" என்பார்.

தொழில் லிஃப்ட் மெக்கானிக். பயணியாக லிஃப்டில் ஏறினாலும் அவருக்குச் சும்மா நிற்கத் தெரியாது. தலையைச் சாய்த்து, காதைச் சுவரோடு வைத்து, "சத்தம் சரியில்லையே" என்று முணுமுணுப்பார். கூட நிற்பவர்கள் அடுத்த தளத்திலேயே இறங்கிப் படியேறப் போய்விடுவார்கள். அவர் பராமரிக்கும் ஒவ்வொரு லிஃப்டுக்கும் மோட்டார் அறையில் ஒரு அட்டை தொங்கும். மாதம் ஒருமுறை சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். மற்ற மெக்கானிக்குகள் டீ குடித்துக்கொண்டே போட்டுவிட்டுப் போகும் கையெழுத்து அது. இவரோ வடத்தைத் தொட்டுப் பார்த்து, பிரேக்கைப் பிடித்துப் பார்த்து, எல்லாவற்றையும் ஒருமுறை உலுக்கிவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார். "இழுத்துப் பாக்காம கையெழுத்து கிடையாது." இதை ஒரு நாள் யாரிடமாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது.

வீட்டில் முடிச்சுக்குத் தப்பிய பொருள் இல்லை. மாவுப் பை, குப்பைப் பை, திரைச்சீலை, மழைக்கோட்டு எல்லாம் ஒவ்வொரு விதமான முடிச்சில் அடங்கிக் கிடக்கும். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மனைவி கைப்பையில் கத்தரிக்கோலோடுதான் நடமாடுகிறார். "எங்க வீட்டுக்குத் திருடன் வந்தா பாவம், ஒரு பையைக்கூடத் திறக்க முடியாம அழுதுட்டுத்தான் போவான்" என்பது அவர் கருத்து. நல்ல கயிற்றை வெட்டுவது பாவம் என்று ஒருநாள் இவர் சொல்லிப் பார்த்தார். அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியாயிற்று, ஃபாதர் சிரித்துவிட்டார் என்று பதில் வந்தது.

முதல் நற்கருணை வாங்கும் பிள்ளைகளுக்கெல்லாம் அவர் கயிற்றிலேயே முடிச்சுப் போட்டு ஜெபமாலை செய்து தருவார். கட்டு இறுக்கமாக இருக்கும், கணக்குத்தான் கொஞ்சம் தாராளம். பத்து மணி இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்று இருக்கும். அதனால் அந்தப் பங்குக் கோயிலில் பாதிப் பிள்ளைகள் மற்றவர்கள் முடித்த பிறகும் ஒரு 'அருள் நிறைந்த மரியே'யைத் தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். "ஒன்னு கூடச் சொன்னா மாதா கோவிச்சுக்கவா போறாங்க?" என்று கேட்பார்.

சாரணர் குழுவுக்குத் தலைவரானது அவராகத் தேடிப் போன வேலையில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, மகளை அழைத்துப் போகப் பங்கு மண்டபத்துக்கு வந்தார். பழைய தலைவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். பங்குத்தந்தை இவர் தோளில் கையைப் போட்டு, "பிள்ளைங்களை ஒரு பத்து நிமிஷம் பாத்துக்கங்க, இதோ வந்துடறேன்" என்றார். அந்தப் பத்து நிமிடம் இன்னும் முடியவில்லை. அன்றைக்குத் தைத்த காக்கி அரைக்கால்சட்டைதான் இன்றைக்கும். அவர் வளர்ந்தார், அது வளரவில்லை.

மலையேறப் போகும்போதெல்லாம் அந்தோனியாரிடம் ஒரு வேண்டுதல் வைத்துவிட்டுத்தான் கிளம்புவார். காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் அவர்தானே. ஒருமுறை இருபத்திரண்டு பிள்ளைகளோடு போய் இருபத்து மூன்று பேரோடு திரும்பினார். வேறு குழுவைச் சேர்ந்த பிள்ளை ஒன்று, இவர்கள் அடுப்பில் சூப் மணத்தது என்று வரிசையில் சேர்ந்துகொண்டு வந்துவிட்டது. அதைத் திரும்பக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு வந்தவர் வருத்தமே படவில்லை. அந்தோனியார் கொசுறு போட்டுக் கொடுத்துவிட்டார் என்று பல நாள் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இத்தனைக்கும் நடுவில் இருப்பது மகள்தான். பதின்மூன்று வயது. குழுவில் மரங்கொத்தி அணியின் தலைவி. வீட்டில் கதவைச் சாத்திக்கொள்கிறாள், காதில் எதையோ மாட்டிக்கொள்கிறாள், கேட்டால் "ம்" என்கிறாள். சனிக்கிழமை மூன்று மணி நேரம் மட்டும் அவர் விசில் ஊதினால் திரும்பிப் பார்த்தாக வேண்டும். வாரம் பூராவும் அவர் காத்திருப்பது அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான். கயிறு, முடிச்சு, காக்கி எல்லாம் அதற்குப் பிறகு.

இந்த வருட முகாமுக்கு முன்னால் அவள் சாப்பாட்டு மேசையில் மூன்று நிபந்தனைகள் போட்டாள். எல்லார் முன்னாலும் 'பாப்பா' என்று கூப்பிடக் கூடாது. தூங்கப் போகும்போது கூடாரத்துக்குள் தலையை நீட்டி நெற்றியில் சிலுவை போடக் கூடாது. அவள் அணி வேலை செய்யும்போது பக்கத்தில் வந்து நின்று தொண்டையைக் கனைக்கக் கூடாது.

"கேம்ப்ல நீங்க சார், நான் மெம்பர். அவ்வளவுதான். ஒரு தடவை மீறினாலும் அடுத்த சனிக்கிழமையிலருந்து நான் வரமாட்டேன்."

அவர் சரியென்று தலையாட்டினார். அன்று மாலை வீட்டில் இருந்த திரைச்சீலைகள் எல்லாவற்றிலும் ஒரு முடிச்சுக் கூடியிருந்தது.

முகாமில் சனிக்கிழமை மாலை கட்டுமானச் சோதனை. ஆணி கிடையாது, கழியும் கயிறும் மட்டும். கழுகு அணிக்கு வாசல் வளைவு, இன்னொரு அணிக்குச் சமையல் மேசை, மரங்கொத்தி அணிக்கு மறுநாள் பூசைக்கான பீடம். கனம் தாங்குவதைக் கட்டி நிறுத்திவிட்டால் அணித் தலைவரின் பேட்ஜ் அட்டையில் கடைசிக் கையெழுத்து விழும். கழுகு அணியின் வளைவில் அவர் பூட்ஸ் காலை ஊன்றிக் கயிற்றைப் பிடித்து இழுத்தார். அது சாய்ந்தது. பிரித்துக் கட்டச் சொன்னார். மறுபடி இழுத்தார், மறுபடி சாய்ந்தது. மூன்றாவது தடவை அது நின்றபோது கழுகு அணியில் ஒருவரும் அவரோடு பேசுகிற நிலைமையில் இல்லை.

அடுத்தது பீடம். மகள் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அவருக்குத் தொண்டை அரித்தது. மூன்றாவது நிபந்தனையை நினைத்து எச்சிலை விழுங்கிக்கொண்டார். இழுத்து, அது சாய்ந்து, பிரித்துக் கட்டு என்று சொல்ல வேண்டி வந்துவிட்டால் சனிக்கிழமைகள் போய்விடுமே. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, நாலடி தள்ளி நின்று, கண்காட்சிக்கு வந்தவர்போல் பீடத்தைச் சுற்றி வந்தார். "பிரமாதம்" என்று சொல்லிவிட்டு அட்டையில் கையெழுத்துப் போட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக இழுத்துப் பார்க்காமல் போட்ட கையெழுத்து. அட்டையை வாங்கிய அவள் முகம் மலரவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை பெற்றோரெல்லாம் வந்து புல்வெளியில் விரிப்புப் போட்டு உட்கார்ந்தார்கள். பீடத்துக்குத் தரையைத் தொடும் வெள்ளைத் துணி விரித்து மெழுகுவர்த்தி ஏற்றியாயிற்று. பங்குத்தந்தை நல்ல ஆகிருதி உள்ள மனிதர். அவருக்குப் பிரசங்கத்தில் ஒரு பழக்கம் உண்டு, ஒவ்வொரு கருத்துக்கும் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினால்தான் அடுத்தது வரும். அன்றைய தலைப்பு அஸ்திவாரம்.

"நம்ம வாழ்க்கைக்கு அஸ்திவாரம் எது?" என்று கேட்டுப் பீடத்தில் ஒரு தட்டுத் தட்டினார்.

முதல் வரிசையில் இருந்த முடிச்சு மாஸ்டரின் கை பைக்குள் அப்படியே நின்றது. தலை சாய்ந்தது. சத்தம் சரியில்லை. இரண்டாவது தட்டுக்கு இடப்பக்க முன்கால் ஒரு விரற்கடை நழுவியது. மெழுகுவர்த்தி மரியாதையாகத் தலை குனிந்தது. அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை. எழுந்து ஓடினால் கலவரமாகிவிடும் என்று முழந்தாளிட்டார், முழந்தாளாலேயே நகர்ந்து போனார், துணியைத் தூக்கிக்கொண்டு பீடத்துக்கு அடியில் புகுந்து தோளைக் கொடுத்தார். வெளியே அவருடைய பூட்ஸும் ஆறு வருடத்துக் காக்கியின் பின்புறமும் மட்டும் தெரிந்தன.

பக்தி என்றால் இதுவல்லவா பக்தி என்று எல்லாரும் நினைத்துவிட்டார்கள். முதலில் உபதேசியார் முழந்தாளிட்டார். அவரைப் பார்த்துப் பின்வரிசைத் தாய்மார்கள், அவர்களைப் பார்த்துத் தகப்பன்மார்கள், கடைசியில் கழுகு அணி உட்பட எல்லாப் பிள்ளைகளும். பனி காயாத புல்லில் மொத்தக் கூட்டமும் மண்டியிட்டிருந்தது. பங்குத்தந்தை அசந்துபோனார். இத்தனை வருட ஊழியத்தில் அவர் பிரசங்கத்துக்கு யாரும் நிமிர்ந்துகூட உட்கார்ந்ததில்லை. ஐந்து நிமிடத்துக்குத் தயார் செய்ததை ஒதுக்கிவிட்டு மனதிலிருந்து பேச ஆரம்பித்தார். மனதில் நிறைய இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு விழுந்தது, ஒவ்வொரு தட்டும் கீழே ஒரு தோளில் இறங்கியது.

பத்தாவது தட்டு வாக்கில் துணி விலகியது. மகள் ஊர்ந்து உள்ளே வந்தாள்.

"கட்டு நழுவுது, பாப்பா" என்றார். வாய் தவறிவிட்டது.

அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. "தெரியும். அந்தக் கட்டு மேல நேத்தே எனக்குச் சந்தேகம். நீங்க இழுத்துப் பாத்துச் சொல்வீங்கன்னு நின்னேன். நீங்க பிரமாதம்னுட்டீங்க."

"நீ கோவிச்சுப்பியேன்னு..."

"கழுகு அணி கோவிச்சுக்கல? அவங்க வளைவை மூணு தடவை பிரிக்கச் சொன்னீங்க. என் கட்டை ஒரு தடவை தொடக்கூட இல்ல. இப்ப அந்த பேட்ஜ் என்னோடதுன்னு நான் எப்படிச் சொல்றது?"

அவருக்குத் தோளில் விழுந்த தட்டுகளைவிட இது வலித்தது. மகளுக்கு விட்டுக்கொடுத்ததாக நினைத்தது, மகளை நம்பாமல் போனதாக முடிந்திருக்கிறது. பதில் சொல்ல வாயைத் திறந்தார். மேலே இன்னொரு தட்டு விழுந்தது, பல்லைக் கடித்துக்கொண்டார். அவள் அவர் பைக்குள் கையை விட்டாள். அந்த இரண்டு முழக் கயிற்றில் அதுவரை விழுந்திருந்த முடிச்சுகளைப் பல்லால் கடித்து அவிழ்த்து, பீடத்தின் காலில் சுற்ற ஆரம்பித்தாள். அவர் பிடித்துக்கொண்டார், அவள் கட்டினாள். கட்டி முடிக்கவும் பிரசங்கம் முடியவும் சரியாக இருந்தது.

வெளியே வந்திருக்கலாம். ஆனால் அவர் முழங்கால்கள் மடங்கியது மடங்கியபடி பூட்டிக்கொண்டன. லிஃப்டுக்கு எண்ணெய் விட்டவர் தனக்கு விட்டுக்கொள்ளவில்லை. அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போக அவளுக்கும் மனம் வரவில்லை. நற்கருணை கொடுக்கும்போது பங்குத்தந்தை சிரமப்பட்டுக் குனிந்து துணியை விலக்கினார். ஒரு தலை இருக்கும் என்று பார்த்தவருக்கு இரண்டு தலைகள் தெரிந்தன. ஒரு கணம் திகைத்துவிட்டு இரண்டு பேருக்கும் கொடுத்தார். பீடத்துக்கு அடியிலிருந்து இரண்டு ஆமென் வந்தது.

பூசை முடிந்து இரண்டு தகப்பன்மார் சேர்ந்து அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். உபதேசியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். குடும்பமாக இப்படி ஒரு பக்தியைத் தான் கண்டதில்லை என்று பங்குத்தந்தை சொன்னார். முடிச்சு மாஸ்டர் உண்மையைச் சொல்லத் தொடங்கினார். கட்டு சரியில்லை ஃபாதர், அதான், என்றார். ஆமாம், நம் எல்லாருடைய கட்டும் சரியில்லைதான் என்று அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பங்குத்தந்தை வேனில் ஏறிப் போய்விட்டார். மனைவி மட்டும் காக்கியின் முழங்கால் கறையைப் பார்த்தார், வெறுமையாகத் தொங்கிய கால்சட்டைப் பையைப் பார்த்தார், எடுத்த கத்தரிக்கோலைக் கைப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

துணியும் மெழுகுவர்த்தியும் எடுத்த பிறகு பீடம் வெறும் கழியும் கயிறுமாக நின்றது. மகள் அட்டையோடு வந்தாள். அவருடைய கையெழுத்தின் மேல் அவளே குறுக்கே ஒரு கோடு போட்டிருந்தாள். வளைவைப் பிரித்துக்கொண்டிருந்த கழுகு அணி வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

"சார், செக் பண்ணுங்க."

அவர் இரண்டு விரலால் புதுக் கட்டைத் தொட்டுப் பார்த்தார். லேசாக ஒரு இழுப்பு இழுத்தார்.

"அப்பா மாதிரி இழுக்காதீங்க. சார் மாதிரி இழுங்க."

முடிச்சு மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். மூன்றாவது நிபந்தனையை அவள் நினைவுபடுத்தவில்லை. கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி அவளிடம் கொடுத்தார், பூட்ஸைப் பீடத்தின் அந்தக் காலில் ஊன்றினார், இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு உடம்பின் கனம் முழுவதையும் பின்னால் சாய்த்தார். சத்தம் வரவில்லை. காதை மரத்தில் வைத்துக் கேட்டார், அப்போதும் வரவில்லை. அவள் பேனாவை நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை. அடுத்த காலுக்கு நகர்ந்து அதிலும் பூட்ஸை ஊன்றினார்.