காப்புக் கட்டிய இரண்டாம் நாள்

என் மேல் அம்மன் இறங்கிவிட்டாள் என்று நான் நம்பினேன். சொல்ல இப்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது. மாசி மகத் தேருக்குக் காப்புக் கட்டி இரண்டாம் நாள் காலை. மஞ்சள் கயிறு கட்டிய கை தானாகத் துள்ளியது. பிளேன்டீக் கோப்பை சாசரில் தாளம் போட்டது. உடம்பெல்லாம் வியர்வை. சுவரில் எறும்புகள் வரிசையாக ஏறின. தொட்டுப் பார்த்தால் ஒன்றும் இல்லை. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். பதினான்கு வருடக் குடித்தனத்தில் அவள் என்னைக் கும்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

"என்னங்க, நம்ம புள்ள ஸ்கொலர்ஷிப் பாஸாவாளான்னு கேளுங்களேன்."

நானும் கண்ணை மூடிக்கொண்டு, "ஆவா" என்று சொல்லிவைத்தேன்.

அவளுக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. பலாபத்வலயில் ஒரு மிளகு, கராம்பு ஸ்டோரில் நான் ஸ்டோர் கீப்பர். கராம்பு மூட்டைகளுக்குப் பின்னால் எப்போதும் ஒரு சாராயப் போத்தல் இருக்கும். பகலில் பாதி, பொழுது சாய மீதி. வாயில் நாலு கராம்பைப் போட்டு மென்றுகொண்டு வீட்டுக்குப் போவேன். அது ஸ்டோர் வாசம் என்று பன்னிரண்டு வருடமாக அவள் நம்பினாள். நான் தள்ளாடியதில்லை, நாக்குக் குழறியதில்லை. சாராயம் என்னை ஒன்றும் செய்யாது என்று எனக்குப் பெருமை வேறு. மகளுக்காக நேர்ந்துகொண்டு, காப்புக் கட்டுவதற்கு முதல்நாள் பொழுது சாய அதை ஒரேயடியாக நிறுத்தினேன்.

காவிச் சட்டையோடு அம்மன் கோயிலுக்குப் போக மாத்தளை பஸ்ஸில் ஏறினேன். வடக்கில் சண்டை உச்சத்தில் இருந்த காலம். அலுவிகாரை இராணுவச் சோதனைச்சாவடியில் எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நடக்கவிட்டார்கள். பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த நாட்களில், வியர்த்து நடுங்குகிற ஒரு தமிழன் வரிசையில் நின்றால் என்ன நினைப்பார்கள் என்பது எனக்கு அட்டை இரண்டாம் தடவை கீழே விழுந்தபோதுதான் உறைத்தது. இருபது வயது தாண்டாத சிப்பாய் ஓர் அடி பின்னால் போய்த் துவக்கைத் தூக்கினான். எனக்குப் பின்னால் நின்றவள் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஒதுங்கினாள். கையைத் தூக்கினேன், தூக்கிய கை இன்னும் மோசமாக ஆடியது. அம்மனுக்குச் சிங்களம் தெரியுமா என்று அந்த நேரத்திலும் எனக்கு ஒரு யோசனை.

அப்போதுதான் வரிசையிலிருந்து பார்மசி நானா இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு மெதுவாக வந்தார். எங்கள் ஸ்டோருக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருந்த முஸ்லிம் மனிதர். சிப்பாயிடம் சிங்களத்தில், "மாத்தயா, இவர்கிட்ட குண்டு இல்ல. இவர் குடிகாரர். குடியை நிப்பாட்டிட்டார், அதுதான் நடுக்கம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எத்தன நாள்?"

"நானா, நான் குடிக்கவே..."

"வாரத்துக்கு மூணு போத்தல் வயித்தெரிச்சல் மருந்து ஒங்களுக்கு ஆரு தார? நான்தானே! பொண்டாட்டிக்கிட்ட பொய் செல்லுங்க, துவக்குக்கு முன்னால வாணாம்."

"ரெண்டு நாள்" என்றேன். முழு பஸ்ஸும் கேட்டது. அதில் பாதிப்பேர் என்னோடு தேர் இழுக்கக் காப்புக் கட்டியவர்கள்.

நானா அதைச் சிங்களத்தில் சொன்னதும் சிப்பாய் துவக்கைத் தாழ்த்தினான். என் சட்டையைத் தடவிப் பார்த்தான். பிறகு, "எங்க அப்பா குடியை நிப்பாட்டி மூணாம் நாள் செத்தார்" என்றான், ஏதோ பஸ் நேரம் சொல்வதுபோல. நாவுலயிலிருந்து கத்தரிக்காய் ஏற்றி வந்த லொறியை மறித்து, என்னையும் நானாவையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தான்.

எனக்கு என்ன நேர்ந்தது என்று நானா பிற்பாடு விளக்கினார். மருந்துப் பெட்டியில் வருகிற துண்டுத்தாளைக்கூட எழுத்து விடாமல் படிக்கிறவர். "நரம்பும் நரம்பும் சந்திக்கிற எடத்துல அடக்குற வாங்கிகள், ரிசெப்டர்னு செல்றது, ஈக்கிது. சந்தியில நிக்கிற பொலிஸ் மாதிரி. நரம்புல ஓடுற சேதிதான் வண்டி, கை காட்டினா அந்த நேரத்துக்கு நிக்கும். சந்திக்கு வெளியிலயும் அடக்குற வாங்கிகள் ஈக்கிது. அது ரோடு நெடுகப் போட்ட பம்ப், வேகத்தடை மேடு. ஆரும் கை காட்டத் தேவல்ல, எந்நேரமும் வேகத்தக் கொறைச்சிக்கொண்டே ஈக்கும். கொஞ்சச் சாராயத்துக்கே அந்த பம்ப் ஒசருதுன்னு செல்றாங்க. இல்லேன்னு சண்ட புடிக்கிறவங்களும் ஈக்கிறாங்க. நீங்க பன்னெண்டு வருஷமா ஒசத்தினீங்க. மூளை பார்த்தது, இப்புடி ஊர்ந்தா வேலைக்காகாதுன்னு பம்ப்பச் செதுக்கிப் போட்டது. அதுதான் ஒங்களுக்கு வெறி ஏறல்ல. பொறகு ஒரே நாள்ல சாராயமும் இல்ல, பம்ப்பும் இல்ல. எல்லா லொறியும் பிரேக் இல்லாம பள்ளத்துல வந்தா?"

சாராயம் என்னை ஒன்றும் செய்யவில்லை என்று நான் பெருமைப்பட்ட பன்னிரண்டு வருடமும் அது செய்துகொண்டிருந்த வேலை இதுதான். மகள் பிறகு பாஸானாள். அவள் படித்தாள், அதனால். மனைவி மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. ஸ்டோருக்கு வந்து மூட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தாள்.

அன்று ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொன்னேன். இனி மறைக்க யாரும் மிச்சமில்லை. அவர் நடுக்கத்தை அடக்க ஓர் ஊசி போட்டார். இன்னொன்றும் போட்டார். இதில் பாதியே வேறு ஆளைப் பொழுது சாயும்வரை தூங்கவைக்கும் என்றார். சாராயத்துக்கு மரத்துப்போன என் மூளையில் அதுவும் எடுபடவில்லை, நான் கண்ணை விழித்துக்கொண்டு நர்ஸுக்குப் பகிடி சொல்லிக்கொண்டிருந்தேன். பகல் இரண்டு மணிபோல எனக்கு வலிப்பு வந்தது. அப்போது நான் கட்டிலில் படுத்திருந்தேன், டாக்டர் அம்மா பக்கத்தில் நின்றார், மூன்றாவது ஊசி அவர் கையில் தயாராக இருந்தது.