பெரியப்பாவின் கைராசி

எங்கள் பெரியப்பாவுக்குக் கைராசி உண்டு என்று ஊரில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னவர் அவர் ஒருவர்தான். நம்பியவர் என் அப்பா. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

மரக்காணத்து உப்பளங்களுக்கு மேற்கே அண்ணன் தம்பி இருவருக்கும் அடுத்தடுத்து வயல். இரண்டு நாற்றங்காலிலும் முதல் பிடி விதையை மூத்தவர்தான் தூவ வேண்டும். எனக்குப் பத்து வயதான அந்த ஆவணியில் பெரியப்பா தன்னுடையதில் தூவிவிட்டு, எங்களுக்கு நாள் சரியில்லை என்று சொல்லி, வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் கிளம்பிவிட்டார். மாதா கோயிலுக்கு நடக்கிறவருக்கு நாள் நட்சத்திரம் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

வந்துவிடுவார் என்று அப்பா விதையை ஊறவைத்தார். அது சாக்கிலேயே முளைவிட்டது. அவர் வரவில்லை.

"அவரு நாத்து பச்சை புடிச்சி நிக்குது, நம்ம விதை சாக்குல அழுவுது. லேட்டா போட்டா தை பனியில கதிர் வரும், எல்லாம் பதராப் பூடும். நீங்களே தூவுங்களேன்" என்று அம்மா கெஞ்சினாள்.

அப்பா போன் போட்டுக் கேட்டார். "நான் வர்ற வரைக்கும் விதையில கை வைக்காதே" என்று பதில் வந்தது.

அன்று மதியம் நான் இரண்டு கை விதையை அள்ளிக்கொண்டு போய் நாற்றங்கால் ஓரத்தில் வீசினேன். அப்பா பார்த்துவிட்டார். வேப்பங்குச்சி முறிகிற வரை அடித்தார். சாக்கில் மிச்சமிருந்தது அழுகிக் குப்பைக்குப் போயிற்று.

பெரியப்பா திரும்பி வந்தார். காலில் கொப்புளம், சேற்றில் இறங்க முடியாது என்றார். புது விதை ஊறவைத்து அதில் அவர் கை பட்டபோது புரட்டாசி முடிந்துவிட்டது. அதற்குள் நான் வீசியது நாற்றாகி, அம்மா அதைப் பேசாமல் பிடுங்கி வாய்க்கால் மூலையில் நட்டிருந்தாள்.

அந்த மூலையில் மார்கழியிலேயே கதிர் வந்து, தை பிறந்ததும் மணி முற்றித் தலைசாய்ந்தது. எங்கள் வயலின் மற்ற இடமெல்லாம் பனி கொட்டும்போது கதிர் விட்டது. விட்ட கதிர் வெளிறி விறைத்து நின்றது. நசுக்கினால் உள்ளே ஒன்றுமில்லை. ஒரு வருஷத்துச் சாப்பாட்டு நெல் போயிற்று. அப்பாவும் அம்மாவும் உப்பளத்துக்குக் கூலி வேலைக்குப் போனார்கள்.

பெரியப்பா வயலைப் பார்க்க வருவதாகச் சொன்ன நாளில், அப்பா விடியும்போதே போய் அந்த மூலையை மட்டும் அறுத்துக் கதிரோடு மாட்டுக்குப் போட்டார். நான் விதை வீசியதை அப்பா சொல்லி அறிந்திருந்த பெரியப்பா வரப்பில் நின்று, "பொட்டப்புள்ள கை முதல்ல பட்டா இப்டித்தான் ஆவும்" என்றார். அப்பா தலையாட்டினார்.

நான் விளைவித்ததை வீட்டில் சேர்க்கக்கூட அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்று அழுதேன். என் கையே ஆகாத கை என்று நம்பி, கல்யாணமாகிப் போகும்வரை விதை இருந்த பக்கமே நான் போகவில்லை. இப்போது யோசித்தால், குறை யார் கையில் என்று அப்பாவுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது; அந்த மூலை அண்ணன் கண்ணில் படக்கூடாது என்றுதான் அறுத்திருக்கிறார். அண்ணனை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. என்னை விட்டுக்கொடுத்துவிட்டார்.